ஓட்டையை அடைச்சுட்டு அப்புறம் ஷீட் ஒட்டுங்க: பழைய கார் கேள்வி பதில்

போன இதழ்ல தரைத் தகடு மாத்தறதப் பத்தி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விங்க நிறைய ஒரே எடத்துல தான் வந்து நிக்குது. வண்டிய முழுசா கழட்டிப் போட்டிருக்கோம், சீட் வெளிய கெடக்கு, மேட் வெளிய கெடக்கு, இந்த நேரத்துலயே சத்தமும் சூடும் உள்ள வராம ஏதாவது ஒட்டிரலாமான்னு. ஒட்டலாம், ஒட்டணும், இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி பத்து இருபது வருஷத்துக்கு வராது. ஆனா நம்ம நீலகிரி மலையோட மழையும் மேகமும் வேற, கீழ சமவெளியில ஒட்டற மாதிரியே இங்கயும் ஒட்டினா நாலு மழைக்காலம் தாங்காம தகடு போயிரும். அதனால இந்த வாட்டி பக்கம் பூரா இதுக்கே.

கேள்வி: சார் வணக்கம். 1978 மார்க் 3 அம்பாசிடர், எங்க தாத்தா வாங்கினது. டிங்கர் வேலை முடிஞ்சு இப்ப வெறும் கூடா நிக்குது. கடையில கேட்டா தரை, கதவு, கூரை, டிக்கின்னு ஒரு எடம் விடாம வெள்ளி கலர் ஷீட் ஒட்டணும், அதுவும் ரெண்டு லேயர்னு சொல்றாங்க. ரேட்ட கேட்டா தலை சுத்துது. அவ்வளவும் வேணுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த வெள்ளி ஷீட் என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க, அப்புறம் எவ்வளவு வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

வீட்ல ஒரு எவர்சில்வர் தட்ட எடுத்து விளிம்புல புடிச்சு தொங்க விட்டு தட்டுங்க, ணங்ங்னு இழுத்துக்கிட்டே போகும். இப்ப தட்டோட முதுகுல ரெண்டு விரல வெச்சுட்டு தட்டுங்க, டொக்குனு நின்னுரும். அந்த ரெண்டு விரல் தான் இந்த ஷீட். அடியில ஒட்டற பக்கம் ப்யூட்டைல் ரப்பர், மேல அலுமினியம். தகடு அதிரும்போது நடுவுல மாட்டின ரப்பர் இழுபட்டு இழுபட்டு அந்த அதிர்வ கொஞ்சூண்டு சூடா மாத்தி முழுங்கிருது. ரெண்டு விரலுக்கு பதிலா பத்து விரல வெச்சா அஞ்சு மடங்கு அமைதி வருமா, வராது. பெரிய பேனலோட நடுவுல கால்வாசியில இருந்து பாதி எடம் வரைக்கும் மூடினாலே வர வேண்டிய பலன்ல பெரும்பகுதி வந்துரும், மிச்ச பாதிக்கு குடுக்கற காசு வெயிட்டுக்கு குடுக்கற காசு.

எங்க ஒட்டணும்னு கண்டுபுடிக்க மெஷின் ஒண்ணும் வேணாம். விரல மடக்கி முட்டியால ஒவ்வொரு பேனலா தட்டிக்கிட்டே போங்க. மடிப்பு விழுந்த எடம், வெல்டு வெச்ச எடம் எல்லாம் டொக் டொக்னு கேக்கும், அதுக்கு ஒண்ணும் தேவையில்ல. தகடு அகலமா சப்பையா இருக்கற எடத்துல டம்முனு அடிக்கும், அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க. அம்பாசிடர்ல பெரும்பாலும் கூரையோட நடு, கதவோட வெளித் தகடு, பின் சீட்டுக்கு அடியில, டிக்கி தரை, இதெல்லாம் தான் அடிக்கும். கூரைக்கு மட்டும் மிச்சம் புடிக்காதீங்க, கூடலூர் ரோட்ல ஜூலை மழையில வந்து பாருங்க, கூரை நடுவுல நாலு துண்டு ஒட்டின வண்டிக்கும் ஒட்டாத வண்டிக்கும் இருக்கற வித்தியாசம், ஒண்ணுல பக்கத்துல இருக்கறவங்களோட பேசலாம், இன்னொண்ணுல முடியாது.

அடுத்தது, அதிர்வ நிறுத்தறது வேற, சத்தத்த தடுக்கறது வேற. இன்ஜின் சத்தம், சைலன்சர் சத்தம், டயர் சத்தம் இதெல்லாம் காத்து வழியா வர்றது, அத தடுக்க வெயிட்டான ஒரு திரை வேணும். அதுக்கு தான் மாஸ் லோடட் வினைல்னு சொல்ற கறுப்பு ஷீட், 2, 3 மி.மீ. தான் இருக்கும், ஆனா தூக்கினா கை இழுக்கும், சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும். அது தகட்டுல நேரா ஒட்டக்கூடாது, நடுவுல 5, 6 மி.மீ. ஃபோம் வெச்சு மிதக்க விடணும், நேரா ஒட்டிட்டா தகடு ஆடும்போது அதுவும் சேந்து ஆடும், திரையா நிக்காது. இது இன்ஜினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தகட்டுக்கும், அதத்தான் ஃபயர்வால்னு சொல்றோம், முன் தரைக்கும் போதும். கூரைக்கும் கதவுக்கும் கொண்டு போகாதீங்க.

வெயிட்டப் பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உங்க வண்டி 1,489 சி.சி., புதுசா இருக்கும்போதே 50 குதிரைசக்தி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால்வாசிக்கு கொஞ்சம் மேல தான், அந்த அளவுக்கு இன்ஜினும் மூச்சு வாங்கும். கடைக்காரர் சொன்ன மாதிரி எல்லா எடத்துலயும் ரெண்டு லேயர் போட்டா, 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு சுமார் 3 கிலோ, 10 சதுர மீட்டர் ரெண்டு தடவைன்னா 60 கிலோ, ஒரு ஆளு எப்பவும் வண்டியில ஏறி உக்காந்திருக்கற மாதிரி. பர்லியார்ல இருந்து குன்னூர் ஏறும்போது ரெண்டாவது கியர்ல எடுக்கற வளைவ ஃபர்ஸ்ட்ல எடுக்க வேண்டி வரும், அப்ப சத்தம் கூடத்தான் செய்யும்.

கேள்வி: அண்ணா, என் பியட் பத்மினிக்கு போன வருஷம் கார்பெட், அடியில சணல் ஃபெல்ட், ஃபோம் எல்லாம் போட்டு அருமையா பண்ணேன். இப்ப கதவத் தொறந்தாலே ஈர சாக்கு நாத்தம். கார்பெட் மேல தொட்டா காஞ்சு தான் இருக்கு. எங்க இருந்து வருது?
– வாசகர், கூடலூர்

பதில்: கார்பெட்ட தூக்கிப் பாருங்க, இன்னைக்கே. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

இதே மாதிரி ஒரு பத்மினி ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட வந்துச்சு, தேவாலா பக்கத்து வண்டி. மேல இருந்த கார்பெட் புதுசு கணக்கா இருந்துச்சு. ஓரத்துல விரல விட்டு இழுத்தேன், கார்பெட் வந்துச்சு, அடியில இருந்த ஃபெல்ட் வரல, தகட்டோட ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுத்தா கையில வந்தது ஃபெல்ட் இல்ல, தேயிலைத் தூள ஊற வெச்ச மாதிரி கறுப்பா ஒரு சக்கை, அத புழிஞ்சா டம்ளர்ல முக்காவாசி தண்ணி. அதுக்குக் கீழ தகடு அடுக்கடுக்கா பொரிஞ்சு அப்பளம் மாதிரி உரிஞ்சுச்சு, ஸ்க்ரூ டிரைவர வெச்சு லேசா அழுத்தினேன், நேரா தரையில குத்திருச்சு. அந்த வண்டிக்காரர் பக்கத்துல தான் நின்னார், ஒண்ணும் பேசல, வெளிய போய் உக்காந்துட்டார். டிங்கர் வேலை பண்ணி ஒரு வருஷம் தான் ஆகியிருந்துச்சு.

சணல் ஃபெல்ட், பஞ்சு ஃபெல்ட், தெறந்த கண்ணு இருக்கற சாதா ஸ்பாஞ்ச், இது மூணும் சத்தத்த நல்லா உறிஞ்சும், அதே மாதிரி தண்ணியையும் உறிஞ்சி வெச்சுக்கும். கீழ ஊர்ல வெயில்ல நிறுத்தினா மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும். நம்ம பக்கம் ஜூன்ல ஏறின ஈரம் செப்டம்பர் வரைக்கும் எறங்காது. மழை மட்டும் இல்லைங்க, குளிர் காலத்துல நாலு பேர் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு உக்காந்து வந்தா அந்த மூச்சுக்காத்து ஈரமே ராத்திரி சில்லுனு ஆன தகட்டுல வேர்த்து எறங்கும், காலையில கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்குமே அதே தான், கார்பெட்டுக்கு அடியிலயும் நடக்குது, நம்ம கண்ணுக்கு தெரியறதில்ல.

ஆகவே தரைக்கு மூடின கண்ணு ஃபோம் தான், அதாவது உள்ள இருக்கற ஒவ்வொரு குமிழியும் தனித்தனியா மூடியிருக்கற ரகம். தேடி அலைய வேண்டாம், ஏசி டக்ட்டுக்கு சுத்தற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் கோயம்புத்தூர்ல ஏசி சாமான் கடையில கிடைக்கும், 6 மி.மீ.யில இருந்து இருக்கு, தீப்புடிக்காத ரகமா கேட்டு வாங்குங்க. ஒரு துண்ட வெட்டி பக்கெட் தண்ணியில ராத்திரி பூரா கல்லு வெச்சு அமுக்கி வைங்க, காலையில எடுத்து துடைச்சுட்டு புழிஞ்சா தண்ணி வரக்கூடாது. வாங்கற எந்த ஃபோமுக்கும் இந்த சோதனைய பண்ணுங்க. அதையும் தரை முழுக்க பசை போட்டு ஒட்டிராதீங்க, அளவா வெட்டி வெறுமனே விரிச்சு வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவ மழை முடிஞ்சதும் தூக்கிப் பாக்கலாம்.

இப்ப தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். கார்பெட் சீட் எல்லாம் வெளிய எடுத்துட்டு, தரையைத் துடைச்சு காய வெச்சு, ஓரம் ஓரமா முகத்துக்குப் போடற பவுடர தூவி விடுங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ள, ஒருத்தர் ஹோஸ் பைப்போட வெளிய. கீழ இருந்து ஆரம்பிங்க, முதல்ல கதவுக்குக் கீழ, அஞ்சு நிமிஷம், அப்புறம் கதவு ரப்பர், அப்புறம் கண்ணாடிய சுத்தி இருக்கற ரப்பர் பீடிங்கோட கீழ் மூலை, கடைசியா மேல். மேல இருந்து ஊத்த ஆரம்பிச்சீங்கன்னா எல்லா எடத்துலயும் ஓடி எங்க நுழையுதுன்னே தெரியாது. பவுடர்ல கோடு விழும், அந்தக் கோட்ட புடிச்சு மேல போங்க. பத்மினியில முன் கண்ணாடி ரப்பரோட கீழ் மூலை ரெண்டும் என் அனுபவத்துல முதல் சந்தேகம்.

கதவப் பத்தி ஒண்ணு. கதவுக்குள்ள தண்ணி போறது தப்பே இல்ல, கண்ணாடி எறங்கற இடுக்கு வழியா போகத்தான் செய்யும், கீழ இருக்கற ஓட்டை வழியா வெளிய வந்துரணும், அதுக்குத்தான் அந்த ஓட்டைய வெச்சிருக்கான். ஷீட் ஒட்டறவங்க சத்தம் வருதுன்னு அதையும் சேத்து அடைச்சர்றாங்க. கதவு தொட்டி ஆயிரும். அடைச்சிருந்தா ஒரு கம்பிய விட்டு தொறங்க. கதவோட உள்பக்கம் மூடற டோர் பேடுக்குப் பின்னாடி பாலிதீன் ஷீட் ஒண்ணு இருந்திருக்கணும், நிறைய வண்டியில கிழிச்சுப் போட்டிருப்பாங்க, அது இல்லாம தான் டோர் பேட் அட்டை ஊறி வீங்குது. நல்ல கனமான பாலிதீன வெட்டி, கீழ் விளிம்பு கதவுக்குள்ள போற மாதிரி சொருகி, ப்யூட்டைல் டேப்ல ஒட்டிருங்க.

கேள்வி: முட்டை அட்டை, தெர்மாகோல், பழைய ஃபோம் மெத்தை இதெல்லாம் வெச்சு மலிவா முடிக்க முடியுமா?
– வாசகர், கேத்தி

பதில்: முடியாது. முட்டை அட்டை தண்ணி குடிக்கும், தெர்மாகோல் பசை பட்டாலும் பெட்ரோல் பட்டாலும் கரையும், மெத்தை ஃபோம் ஒரு வயர் ஷார்ட்டுக்கு தீயாயிரும். பணம் இல்லேன்னா ஒண்ணும் ஒட்டாம, வயர் போற ஓட்டையில மாட்டற ரப்பர் வளையம், அதான் குரோமெட், அதையும் கதவு பீடிங்கையும் மட்டும் புதுசு மாத்துங்க, அது எவ்வளவோ மேல்.

கேள்வி: சார், நல்ல ப்யூட்டைல் ஷீட் தான் வாங்கினேன், டிசம்பர்ல ஞாயித்துக்கிழம காலையில நானும் தம்பியும் சேந்து ஒட்டினோம். இப்ப கூரையில ஒட்டினது ஒவ்வொண்ணா தொங்குது. கம்பெனி சரக்கு டூப்ளிகேட்டா?
– வாசகர், லவ்டேல்

பதில்: சரக்கு மேல தப்பு இருக்காதுன்னு நெனக்கிறேன், டிசம்பர் காலை மேல தான் தப்பு. இத நானே பண்ணியிருக்கேன். வெளிய புல் மேல உறைபனி வெள்ளையா கெடக்கு, ஷெட்டுக்குள்ள மூச்சு விட்டா புகை வருது, நான் பாட்டுக்கு ஒரு அம்பாசிடர் கூரைக்கு ஷீட் ஒட்டி முடிச்சு லைனிங்கும் தைச்சு மாட்டிட்டேன். மார்ச்ல அந்த வண்டி மேட்டுப்பாளையம் எறங்கி வெயில்ல நின்னப்போ லைனிங் மேல ஒரு மூட்டை தொங்குது, உள்ள ஷீட் எல்லாம் கழண்டு வந்து துணி மேல உக்காந்திருக்கு. லைனிங்க பூரா பிரிச்சு மறுபடி செஞ்சு குடுத்தேன்.

ப்யூட்டைல் சில்லுனு இருக்கும்போது இறுகிப் போயிருக்கும், தகட்டோட சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள்ள எறங்காது, மேலோட்டமா தொட்டுக்கிட்டு நிக்கும். தகடு 20 டிகிரிக்கு மேல இருக்கணும். அதுவும் தகட்டு மேல கண்ணுக்குத் தெரியாம பனி ஈரம் ஒரு படலமா இருந்துச்சுன்னா அதுக்கு மேல ஒட்டறது தண்ணி மேல ஒட்டற மாதிரி தான். அதனால நம்ம ஊர்ல இந்த வேலைக்கு மாசம் மார்ச், ஏப்ரல், நேரம் பதினொரு மணிக்கு மேல. குளிர் காலத்துல செஞ்சே ஆகணும்னா ஹீட் கன்னால தகட்ட கை பொறுக்கற சூட்டுக்கு கொண்டாந்து, ஷீட்டையும் காட்டி மெத்துன்னு ஆக்கி அப்புறம் ஒட்டுங்க. பக்கத்துல பெட்ரோல் டேங்க், தின்னர் டப்பா எதுவும் இருக்கக்கூடாது, பேட்டரி கழட்டி வெச்சிருக்கணும்.

துடைக்கறதுக்கு பெட்ரோல் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வெள்ளைத் துணியில துடைங்க, துணி அழுக்காகாம வர்ற வரைக்கும். ஒட்டினதும் சின்ன மர உருளையோ இரும்பு உருளையோ வெச்சு அழுத்தணும், மேல அச்சடிச்ச மாதிரி வரி வரியா இருக்குமே, அந்த வரி மட்டமாகற வரைக்கும் அழுத்தணும். உள்ளங்கையால தடவிக் குடுத்தா போதாது. தொங்கற துண்ட மறுபடி அமுக்கி விடாதீங்க, தூசி ஒட்டியிருக்கும், எடுத்துப் போட்டுட்டு புதுசு ஒட்டுங்க.

ஷீட்டுன்னு கேக்கும்போது மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டற தார் ஷீட்ட குடுப்பாங்க, அதுவும் மேல வெள்ளியா தான் இருக்கும், விலை கம்மி. மோந்து பாருங்க, தார் வாசம் வந்தா வேண்டாம். வெயில்ல இளகி வழியும், அந்த வாசம் சீட் துணியில ஏறினா போகாது.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என்னிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு. ஷீட், ஃபோம், கார்பெட் எல்லாம் போட்டாச்சு, ஏத்தத்துல இன்ஜின் சத்தம் அப்படியே முகத்துக்கு நேரா வருது. இன்னும் ஒரு லேயர் போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: லேயர் வேண்டாம்ங்க, ஓட்டை இருக்கு.

ஒரு செவுத்துல நூத்துல ஒரு பங்கு எடம் தெறந்திருந்தா போதும், அந்த செவுறு இரும்பா இருந்தாலும் ஈயமா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்காது, சத்தம் அந்த ஓட்டை வழியா வந்துரும். வீட்டு ஜன்னல ஒரு விரல் அளவு தொறந்து வெச்சா ரோட்டு சத்தம் எவ்வளவு வருதுன்னு பாருங்க. ஃபயர்வால்ல எத்தனை ஓட்டை இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? ஸ்டீயரிங் ராடு, ஆக்ஸிலரேட்டர், சோக் கேபிள், ஸ்பீடோ மீட்டர் கேபிள், வயரிங் கட்டு, ஹீட்டர் பைப்புக்குன்னு விட்டு சும்மா கெடக்கற ஓட்டை, முன்னாடி யாரோ ஆடியோவுக்கு டிரில் போட்ட ஓட்டை. குரோமெட் எல்லாம் அம்பது வருஷத்துல பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருக்கும்.

ஹெரால்டுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. அது ஒரே கூடா வெல்டு பண்ணின வண்டி இல்ல, தனி சேசிஸ் மேல பாடிய துண்டு துண்டா போல்ட் போட்டு சேத்தது, ஒவ்வொரு சேர்க்கையிலயும் ரப்பர் பட்டை இருக்கணும். கியர்பாக்ஸ் மேல இருக்கற கவரும் உள்ள இருந்து கழட்டற மாதிரி தான் இருக்கும். உங்களுக்கு சத்தம் வர்றது பெரும்பாலும் அந்தக் கவரோட ஓரமாத்தான் இருக்கும், கிளட்ச் வேலைக்கு ஒவ்வொரு தடவ கழட்டும்போதும் பழைய ரப்பர் கிழிஞ்சிருக்கும், ரெண்டு ஸ்க்ரூவ போடாமயே விட்டிருப்பாங்க.

ராத்திரி ஷெட்டுல லைட்ட அணைச்சுட்டு, பானெட்ட தொறந்து பிரகாசமான ஒரு பல்ப இன்ஜின் பக்கம் தொங்க விட்டுட்டு நீங்க உள்ள டேஷ்போர்டுக்கு அடியில படுத்துப் பாருங்க. வானத்துல நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும். ஒவ்வொண்ணா அடைக்கணும். வயர் போற எடத்துக்கு சரியான அளவு குரோமெட், சும்மா இருக்கற ஓட்டைக்கு ரப்பர் மூடி, தகடு சேர்ற கோட்டுக்கு சீம் சீலர், கழட்டற கவருக்கு மூடின கண்ணு ஃபோம் பட்டை, சீலன்ட்ட கொட்டி ஒட்டிராதீங்க, அடுத்த கிளட்சுக்கு கழட்டணும்.

இத சத்தத்துக்காக மட்டும் சொல்லல. அந்த ஓட்டை வழியா தான் புகையும் வருது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் கேஸ்கெட் போயிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், அதுக்கு வாசமே கெடையாது, குளிருக்கு கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு குழந்தைங்கள பின்னாடி தூங்க வெச்சுட்டு ஓட்டற ஊரு நம்ம ஊரு. எந்த ஷீட்டும் ஒட்டறதுக்கு முன்னாடி சைலன்சர் லைன் முழுக்க லீக் பாத்து சரி பண்ணிருங்க. வண்டி ஓட்டும்போது தலைவலி வருதுன்னு யாராவது சொன்னா அத சாதாரணமா விடாதீங்க.

பலன் வந்துச்சான்னு பாக்க ஃபோன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணு போதும், ஆனா அதே ரோடு, அதே கியர், அதே ஸ்பீடு, கண்ணாடி ஏத்தி, வேலைக்கு முன்னாடியும் வேலை முடிஞ்ச அப்புறமும் அளக்கணும். 10 டெசிபல் கொறஞ்சா காதுக்கு பாதியா கொறஞ்ச மாதிரி இருக்கும். ஓட்டை அடைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, அடைச்சதுக்கு அப்புறம் ஒண்ணு எழுதி வெச்சு எனக்கு அனுப்புங்க.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவரோட அம்பாசிடர நான் தான் ஓட்டறேன். மேல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல, கோயம்புத்தூர் எறங்கினா காலடியில கொதிக்குது, செருப்பே சூடாகுது. ஏசி போட மனசில்ல, அப்பா வெச்சிருந்த மாதிரியே இருக்கணும். வேற வழி உண்டா?
– வாசகி, அருவங்காடு

பதில்: உண்டும்மா. ஏசி இல்லாமயே பாதி கஷ்டம் தீரும்.

முதல்ல வண்டிய லிஃப்ட்ல ஏத்தி சைலன்சர் பைப் தரைக்கு எவ்வளவு பக்கத்துல போகுதுன்னு பாக்கச் சொல்லுங்க. ரப்பர் ஹேங்கர் நைஞ்சா பைப் ஒரு பக்கம் தூக்கி தகட்டோட உரசற அளவுக்கு வந்துரும், சூடும் வரும் உறுமலும் வரும். அத சரி பண்ணிட்டு, பைப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகட்ட, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி இடைவெளி விட்டு, வாஷர் அடுக்கி போல்ட் பண்ணச் சொல்லுங்க. சூடு உள்ள வந்தப்புறம் தடுக்கறத விட வெளியவே திருப்பி விடறது லாபம்.

உள்ள, ஓட்டறவங்க காலடியிலயும் பக்கத்து சீட் காலடியிலயும் 10 மி.மீ. வாக்குல நைட்ரைல் ரப்பர் ஷீட், அதுக்கு மேல கார்பெட். பளபளன்னு குமிழி வெச்ச ஷீட்ட கார்பெட்டுக்கும் தரைக்கும் நடுவுல வெச்சு நசுக்கறாங்க, அது வீண் வேலை, பளபளப்பு வேலை செய்யணும்னா முன்னாடி காத்து இடைவெளி வேணும், நசுக்கின எடத்துல சூடு நேரா கடந்துரும். கூரையில லைனிங்குக்கு மேல அந்த இடைவெளி இருக்கு, அங்க போடலாம். கூரைக்குப் போட்டீங்கன்னா கீழ வெயிலுக்கும் ஆச்சு, மேல ஜனவரி குளிர்ல கூரை வேர்க்கறதும் கொறையும்.

பழைய ஃபயர்வால் பேட் சாம்பல் கலர்ல நார் நாரா இருந்துச்சுன்னா அத யாரும் காஞ்சபடி சுரண்ட விடாதீங்க, அந்தக் காலத்து சரக்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலக் கெடுக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சு, மாஸ்க் போட்டு, முழுசா எடுத்து ரெட்டைப் பையில கட்டணும்.

அப்பாவோட மேட், டோர் பேட் இதையெல்லாம் தூக்கிப் போட்டுராதீங்க. மேல தெரியற எதையும் மாத்தாம இத்தனையும் செய்யலாம், டோர் பேட் கிளிப் ஓட்டைங்கள மட்டும் ஷீட்டால மூடாம விடச் சொல்லுங்க, அப்பத்தான் அதே பேட் அதே எடத்துல உக்காரும்.

கேள்வி: 50 வருஷம் ஆன வண்டிக்கு விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் எடுக்கலாம்னு இருக்கேன். இந்த மாதிரி உள்ள ஒட்டினா பிரச்சனை வருமா?
– வாசகர், ஊட்டி

பதில்: 2021 ஜூலையில வந்த மத்திய விதிப்படி முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், கட்டணம் 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும், புதுப்பிக்க 5,000. மேட்டுக்கு அடியில ஃபோம் விரிக்கறது பாடி மாற்றம் இல்ல. ஆனா ஒண்ண நல்லா யோசிங்க, அந்த ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்தா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னு தான் ரோட்ல எடுக்கலாம், தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. ஓட்டற வண்டின்னா அவசரப்படாதீங்க.

எதையும் கழட்டற மாதிரி செய்யுங்க. ஒட்டின ப்யூட்டைல எடுக்கறது நாள் கணக்கு வேலை, அதனால வண்டியோட அடையாள எண் இருக்கற வி.ஐ.என். தட்டு, சேசிஸ் நம்பர் அடிச்ச எடம், பாடி தயாரிப்பு முத்திரை இது எது மேலயும் ஒரு இஞ்ச் கூட போகக்கூடாது.

கேள்வி: எஸ்டேட் ஜீப், துணிக் கூரை. சத்தம் கொறைக்க என்ன ஒட்டலாம்?
– வாசகர், மஞ்சூர்

பதில்: ஃபயர்வால் ஓட்டைய அடைங்க, கியர் லீவர் ரப்பர மாத்துங்க, இன்ஜின் மவுண்டிங் நைஞ்சிருந்தா மாத்துங்க. துணிக் கூரை இருக்கற வரைக்கும் அதுக்கு மேல செலவு பண்றது கொட்டற மழையில கொடைய மடக்கிட்டு ரெயின்கோட் பட்டன் போடற மாதிரி.

கேள்வி: ஐயா, என் மகன் புது கார் மாதிரி சுத்தமா சத்தமே கேக்கக்கூடாதுன்னு டபுள் கண்ணாடி வரைக்கும் யோசிக்கிறான். அந்த அளவுக்குப் போகலாமா? கட்டபெட்டு வழியா தினமும் வந்து போற வண்டி.
– வாசகர், கோத்தகிரி பக்கம்

பதில்: கண்ணாடிய தொடாதீங்க. நீங்க போற ரோட்ல மேகம் எறங்கினா பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது, வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருதான்னு ஹார்ன் சத்தத்த வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறோம். நம்ம ஊர் டிரைவருங்க பழைய ஆளுங்க மேகத்துல கண்ணாடிய ரெண்டு விரல் எறக்கி விட்டுட்டு தான் ஓட்டுவாங்க, அது காத்துக்கு இல்ல, காதுக்கு. கூரையோட அதிர்வு, தரையில வர்ற டயர் இரைச்சல், ஃபயர்வால் வழியா வர்ற இன்ஜின் சத்தம், இத மூணையும் கொறைங்க, அப்ப வெளிய அடிக்கற ஹார்ன் முன்ன விட நல்லாவே கேக்கும். மகன்கிட்ட கதவு பீடிங்க புதுசு போட்டுட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. கதவ சாத்தும்போது தகர டப்பா மாதிரி அடிக்காம தொப்புனு உக்காந்துச்சுன்னா அவனுக்கே போதும்னு தோணும்.